நாயன்பும் நட்பும்

நாயைப்பற்றிக் கட்டுரை வரையாது பள்ளிப் படிப்பைக் கடந்து வந்தவர் நம்முள் எவரும் இரார். நாய்க்கு நான்கு கால்கள் உண்டு. அது நன்றியுள்ள விலங்கு. இரவில் வீட்டைக் காக்கும் என்று மூன்று தொடர்கள் எழுதி, அவற்றிற்கு மதிப்பெண்ணும் பெற்றே நாமனைவரும் மேல்வகுப்பு ஏறினோம். ஆயின், அந்நாயை வளர்ப்பார் நிலை பின்னர் யாதாகின்றது, அவர்தம் உற்றாரும் நண்பரும் அவ்வீட்டு வாயிலில் எந்நிலையில் நிற்கின்றனர் என்று எழுதுமாறு எவ்வாசிரியரும் நம்மைப் பணித்ததில்லை. பணித்திருப்பின் நன்றாயிருந்திருக்கும் என்பது எம் எண்ணம். நாய்மேல் வைக்கும் அன்பு புதிய அறிமுகங்களைப் பெருக்குகின்றது. பழைய நட்பையோ சோதிக்கின்றது. அச்சோதனையில் தவறுவது பெரும்பாலும் நாயன்று. அதனை உடையாரும் அவர்தம் நண்பருமே தவறுகின்றனர். இதுவே யாம் ஈண்டுக் கூற விழைவது. யாம் நாய்க்குப் பகைவர் அல்லேம். எம் இல்லத்திலும் ஒன்று உண்டு. அஃது இக்கட்டுரையைப் படிக்கப் போவதில்லை என்னும் துணிவிலேயே எழுதத் தொடங்கினோம்.

மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று இன்று தோன்றியதன்று. செருமனி நாட்டுப் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914-ஆம் ஆண்டு, கல் வெட்டுவோர் ஒரு பழம் புதைகுழியைக் கண்டனர். ஆணும் பெண்ணுமாய் இருவர் எலும்புகளும், அவற்றோடு ஒரு நாயின் எலும்புகளும் அதனுட் கிடந்தன. அதன் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்டது என்பர். நம் நாலடியாரும் நட்பாராயுமிடத்து நாயை மறந்திலது. பாகனை நன்கறிந்திருந்தும் அவனையே கொல்லும் யானை போல்வாரை விடுத்து, எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் எறிந்தவனை நோக்கி வாலைக் குழைக்கும் நாய் போல்வாரை நட்பாகக் கொள்க என்பது அதன் கருத்து. இதனை எடுத்துக்காட்டாத நாய்ப்பிரியர் தமிழ்நாட்டில் அரியர். ஆயினும், நாயனைய நண்பரைக் கொள்க என்றதேயன்றி, நண்பரை விடுத்து நாயைக் கொள்க என்று அந்நூல் யாண்டும் கூறிற்றில்லை.

நம் முன்னோரும் நாய் வளர்த்தனர். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் இந்நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது இராசபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாய் அமைந்தது. எனினும் அந்நாள் வீட்டில் நாய்க்கு ஓர் இடமும், விருந்தினர்க்கு ஓர் இடமும் தனித்தனியே இருந்தன. விருந்தினர் திண்ணையில் அமர்ந்தனர். நாய் தோட்டத்திலோ புறக்கடையிலோ படுத்துக் கிடந்தது. ஒன்றையொன்று காண வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றோ அடுக்ககங்களில் வாசல் ஒன்று, கூடம் ஒன்று, அக்கூடத்தில் மெத்தையிட்ட இருக்கையும் ஒன்று. அவ்விருக்கையில் யார் அமர்வது என்பதில்தான் வழக்கே தொடங்குகின்றது.

நாய் வளர்ப்போர் தனித்துப் போகின்றனர் என்று பொதுப்படக் கூறுவார் கூற்று முற்றும் மெய்யன்று. இங்கிலாந்தில் மக்நிக்கலஸ், காலிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நாயோடு செல்பவரிடம் பிறர் வந்து பேசுதல், நாயின்றிச் செல்லும் காலத்தினும் மிகுதி எனக் கண்டனர். நம் ஊர்ப் பூங்காக்களிலும் இதனைக் காலைதோறும் காணலாம். பத்தாண்டு ஒரே தெருவில் வாழ்ந்தும் முகமன் கூறியறியாத இருவர், தத்தம் நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து நிற்கும் நேரத்தில், வேறு வழியின்றிப் பேசத் தொடங்குகின்றனர். பின்னர் எத்தீனி நல்லது, எம்மருத்துவர் கைராசிக்காரர், தடுப்பூசி எப்பொழுது என்று பேச்சு வளர்கின்றது. இது நன்றே. ஆயினும் அவ்வாய்வாளர் கண்ட மற்றொன்றை மறத்தலாகாது: அவ்வாறு பெருகிய பேச்சு சிறப்பாக முன்பின் அறியாதாரோடு நிகழ்ந்த பேச்சே. பூங்காவில் கூடுவார் பலர்க்கு ஒருவர் பெயர் மற்றவர்க்குத் தெரியாது. ‘புரூனோவின் அப்பா’, ‘ரோசியின் அம்மா’ என்றே அறிவர். புரூனோ இறந்தபின் அவ்வப்பாவை யார் தேடுவார்? அறிமுகம் வேறு, நட்பு வேறு.

இனிப் பழைய நண்பர் நிலையைக் காண்போம். கதவு திறக்கின்றது. நாய் பாய்ந்து வருகின்றது. வந்தவர் சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்கின்றார். உள்ளிருந்து ஒரு குரல் வருகின்றது: “ஒன்றும் செய்யாது, அஞ்சாமல் வாருங்கள்!” இம்மொழியைக் கேளாத தமிழர் இக்காலத்து இலர் என்னலாம். இதனினும் பயனற்ற மொழி வேறில்லை. ஒன்றும் செய்யாது என்பது உடையார்க்குத் தெரியும், நாய்க்கும் தெரிந்திருக்கலாம், வந்தவர்க்கு எவ்வாறு தெரியும்? அச்சம் வாதத்தால் நீங்குவதன்று. அன்றியும் நம் நாட்டில் அவ்வச்சம் வீணச்சமும் அன்று. வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் மருந்து கண்டது 1885-இல். குன்னூரில் அவர் பெயரால் நிலையம் அமைந்தது 1907-இல். இருந்தும், தடுப்பூசி பெறாதானுக்கு நோய்க்குறி ஒருமுறை தோன்றிவிடின் பிழைத்தல் அரிதினும் அரிது என்னும் நிலை இன்றுவரை மாறிற்றில்லை. சிறுவயதில் கடிபட்டுத் தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்ட ஒருவரைப் பார்த்து, ‘இதற்குப்போய் அஞ்சுகின்றீரே’ என்று நகைப்பது விருந்தோம்பலின்பாற்படுமா?

யாம் நன்கறிந்த ஆசிரியர் ஒருவர் உளர், ஓய்வு பெற்றவர். அவரோடு பணியாற்றிய மற்றோர் ஆசிரியர் சனிக்கிழமைதோறும் மாலையில் அவர் இல்லம் வந்து சதுரங்கம் ஆடுவார். இருபதாண்டு நடந்த வழக்கம் இது. பின்னர் அவ்வில்லத்திற்கு ஒரு லாப்ரடார் நாய் வந்து சேர்ந்தது. கன்றுக்குட்டி போன்ற உடம்பும் கைக்குழந்தை போன்ற நெஞ்சும் உடையது. நண்பரோ இளமையில் கடியுண்டவர். முதல் மாலை கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டே ஆடினார். வீட்டார் நகைத்தனர், அடுத்த நாள் அண்டை வீட்டார்க்கும் சொல்லி நகைத்தனர். சில வாரம் சென்றது. ‘மழை’ என்றார், ‘முழங்கால் வலி’ என்றார், பிறகு ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டார். இன்று புத்தாண்டு நாளில் தொலைபேசியில் வாழ்த்துக் கூறுவதோடு சரி. இருவரையும் யாம் தனித்தனியே கண்டோம். “என் நாயைப் பிடியாதவர்க்கு என்னையும் பிடியாது, தம்பி” என்றார் ஒருவர். “ஐயாவுக்கு இப்போது நாய் ஒன்றே போதும், தம்பி” என்றார் மற்றவர். இருவர் வீட்டிற்கும் இடையே மூன்று தெருக்களே. ஒரு மணி நேரம் நாயைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தியிருப்பின் முடிந்திருக்கும். அதனை எவரும் கேட்கவும் இல்லை. எவரும் செய்யவும் இல்லை.

அச்சம் மட்டுமே காரணமென்று கருதற்க. எம் வகுப்புத் தோழருள் இஸ்லாமிய நெறியினர் ஒருவர், பிறிதொரு தோழர் இல்லத்திற்கு எத்துணை அழைத்தும் வாரார். வேலை உண்டு என்பார். நாயின் எச்சில் பட்ட ஆடையைக் கழுவித் தூய்மை செய்தாலன்றித் தொழுகைக்கு நிற்றல் அந்நெறியினர் பலர்க்கு வழக்கன்று. அவ்வில்லத்து நாயோ நக்கியே வரவேற்பது. மாலைத் தொழுகை நேரம் நெருங்க, அவர் எவ்வாறு அங்கே அமர்ந்திருப்பார்? இதனை வாய்விட்டுச் சொன்னால் தோழர் மனம் வருந்துமே என்று அவர் ஈராண்டு பொய் சொன்னார். அழைத்தவரோ அவரைத் தற்பெருமைக்காரர் என்று எண்ணியிருந்தார். ‘ஏன் வருவதில்லை?’ என்று அமைதியாய் ஒரு வினா வினவியிருப்பின் இத்துணைக் காலம் கழிந்திராது.

வெளியூர்த் திருமணத்திற்கும் இழவிற்கும் போக இயலாமை வேறு. இரயிலில் நாயை உடன் கொண்டு செல்ல வேண்டின் முதல் வகுப்பில் தனியறை முழுதும் அமர்த்த வேண்டும். இன்றேல் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். இரண்டும் எல்லார்க்கும் இயல்வன அல்ல. நம்மவரோ நல்லதற்கு வாராதவரையேனும் மன்னிப்பர். கெட்டதற்கு வாராதவரை மன்னியார். ‘நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை’ என்னும் காரணம் சாவு வீட்டில் எடுபடுவதில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்வது. அத்துணை ஆண்டிலும் இக்கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

எனினும் இவையெல்லாம் மேற்போக்கான காரணங்கள். எம்மை வருத்துவது இவற்றினும் ஆழ்ந்தது. ஜப்பான் நாட்டு அசாபு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாகசாவா முதலியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாயும் அதனை உடையாரும் ஒருவரையொருவர் நெடிது நோக்குமிடத்து, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுகின்றது. தாயும் சேயும் கொள்ளும் பிணிப்பிற் பங்கு கொள்வதும் அச்சுரப்பே. ஆதலின் நாயன்பைப் பைத்தியம் என்று இகழ்வார் அறியாதார். அது மெய்யன்பே. ஆயினும் அது மறுத்துரையாத அன்பு. நண்பன் வழி தவறுமிடத்து இடித்துரைத்தலே நட்பின் கடன் என்பது வள்ளுவர் துணிபு. நாய் நம்மை இடித்துரையாது. நாம் நேற்றுச் சொன்ன பொய்யை இன்று நினைவூட்டாது. நாம் அயலாரிடம் நடந்துகொண்ட முறையைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லாது. அவ்வமைதி இனிது. அதில் பழகிய செவிக்கு நண்பன் கூறும் கடுஞ்சொல் நாளடைவில் பகைவன் சொல்லாகவே கேட்கின்றது. ‘மனிதரை விட நாயே மேல்’ என்று இவ்வேளையிற்றான் கூறத் தொடங்குகின்றனர். அவ்வாறு கூறுபவர் தம் எதிரே அமர்ந்து கேட்பவரும் மனிதரே என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. போட்ஸ்வைன் என்னும் அவருடைய நாய் 1808-இல் வெறிநோயால் இறந்தது. தம் நியூஸ்டட் மாளிகைத் தோட்டத்தில் அதற்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, மனித இனத்தை வைது, தமக்கு வாய்த்த நண்பன் இஃது ஒன்றே என்னும் கருத்தமைத்துப் பாடிப் பொறித்தார். அப்பாடலின் தலைப்பில் ஓர் உரைநடைப் பகுதியும் உண்டு. நாயின் குணங்களை அழகுற எடுத்துரைப்பது. அதுவும் பைரனுடையதே என்று நெடுநாள் பலரும் எண்ணியிருந்தனர். உண்மையில் அதனை எழுதியவர் ஹாப்ஹவுஸ். பைரனின் கல்லூரித் தோழர். மறு ஆண்டிலேயே பைரனோடு கீழ்நாடுகட்குப் பயணம் சென்றவரும், 1824-இல் பைரன் இறந்தபின் அவர்தம் விருப்பாவணத்தை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவரும் அவரே. நண்பன் வேறொருவன் இல்லை என்னும் பாடலுக்கு மேலே, நண்பன் எழுதிக் கொடுத்த உரை நிற்கின்றது! பாட்டில் சிறிது மிகைபடக் கூறுதல் கவிகட்கு இயல்பு என்று பைரனை விட்டுவிடலாம். ஹாப்ஹவுஸ் போன்ற பொறுமையுள்ள நண்பர் எல்லார்க்கும் வாய்ப்பரோ என்பதே எம் ஐயம்.

வேறு சிலர் தருமபுத்திரரைத் துணைக்கழைப்பர். தம்முடன் வந்த நாயை விடுத்துத் தமக்கு மட்டும் துறக்கம் வேண்டா என்று மறுத்தவர் அவர், உண்மையே. ஆயின் அக்கதை அங்கே முடியவில்லை. துறக்கம் புக்கபின் தம்பியரையும் திரௌபதியையும் அங்குக் காணாது, அவர் இருக்குமிடம் நரகமேயாயினும் அதுவே தமக்கு வேண்டும் என்று அங்கே நின்றவரும் அவரே. நம் நாய்ப்பிரியர் கதையின் முதற்பாதியோடு நூலை மூடிவிடுகின்றனர்.

இதுகாறும் நாய் வளர்ப்போரையே கடிந்தோம். நண்பர் தரப்பையும் சிறிது வினவுதல் முறையாகும். ‘அவர் மாறிவிட்டார், எல்லாம் நாய் வந்தபின்’ என்பவர், அந்நாய் வருமுன் அவ்வில்லத்திற்கு எத்துணை முறை சென்றார்? மக்கள் கடல் கடந்து வாழ, மனைவியை அடக்கம் செய்துவிட்டு, நான்கு அறைகளைத் தனியே பூட்டித் திறக்கும் முதியோர் நம் ஊர்களில் எத்துணையோர்? செல்வன் வாயிலிற் கிடந்த இலாசருவின் புண்களை நக்க வந்தவை நாய்களே. விருந்துக்கு அவ்வழியே சென்ற மனிதர் எவரும் வந்ததாகச் செய்தியில்லை. வருவார் இல்லாத வீட்டில் வாலாட்டும் ஓர் உயிரைப் பழித்தல் எளிது.

யாம் மேலே கூறிய ஆசிரியர் இல்லத்திற்கு அந்நாய் வந்ததும் அவ்வகையிலேதான். அவர் மனைவியார் இறந்த ஆறாம் திங்களில், வெளிநாட்டிலுள்ள மகன் ஏற்பாடு செய்து அனுப்பினார். சதுரங்க நண்பர் வருவது வாரத்தில் ஒரு மாலை. எஞ்சிய ஆறு மாலைகளிலும் அவ்வீட்டில் பேச்சொலியே இல்லை. நாயை அழைக்கும் பொருட்டேனும் தாம் நாளும் வாய் திறப்பதாக அவர் எம்மிடம் கூறினார். இதனை அந்நண்பர் அறிவாரோ என்று வினவினோம். சொன்னதில்லை என்றார்.

அவ்விருவரையும் ஊர்க்குளக்கரையில் நடக்கச் செய்யலாம் என்று எமக்குத் தோன்றிற்று. நாயைக் குறுங்கயிற்றில் வலக்கையிற் பற்றி இவரும், இடப்புறம் நான்கு முழம் விலகி அவரும் நடப்பின், வெளியிடத்தில் அச்சமும் குறையும்; பலகையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இதனை ஆசிரியரிடம் கூறினோம். நெடுநேரம் நாயின் காதைத் தடவியவாறு இருந்தார். “அவரே முதலில் கேட்கட்டும்” என்றார். நண்பரிடமும் சென்று கூறினோம். “எந்தக் கிழமை?” என்றார் அவர்.