சந்தா கட்டினா என்னய்யா கிடைக்கும்?

"ஒரு கார்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு பத்திரிகை. இதுக்கு டாலர்ல சந்தாவா?" அமெரிக்காவில் ஆர்.சி. விமானம் விடுற நம்ம ஆளுங்க ஏ.எம்.ஏ. பத்திப் புலம்பும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஏ.எம்.ஏ.ன்னா அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ். 1936-ல் ஆரம்பிச்சது. உறுப்பினர் விட்ட விமானம் யார் தலையிலயாவது, கார் மேலயாவது விழுந்தா 25 லட்சம் டாலர் வரை காப்பீடு. ஆனா உங்ககிட்ட வீட்டுக் காப்பீடு இருந்தா முதல்ல அதுதான் தரணும், மிச்சத்துக்குத்தான் இவங்க. புலம்புறதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா மைதானம்? கிளப்புக்கு இடம் தர்றவர் கேக்கிற முதல் கேள்வியே "ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" அதுக்குப் பதிலா ஒரு தாளை நீட்டுறது சங்கம்தான். அங்கே ரிமோட் ஐ.டி. கருவி இல்லாம பறக்கவிட தனி மைதானங்கள் இருக்கு. அதுக்கு அங்கீகாரம் பெற்ற சங்கமோ கல்வி நிறுவனமோதான் விண்ணப்பிக்க முடியும். தனி ஆள் தலைகீழா நின்னாலும் நடக்காது.

இப்ப நம்ம பாண்டிக்கு வாங்க. 2021 ட்ரோன் விதிகள் நம்ம மாடல்களையும் சேர்த்துத்தான். வகைச் சான்றிதழ் வேண்டாம்னு சலுகை உண்டு, சந்தோஷம். ஆனா விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், ஏ.டி.சி. அனுமதி வேணும். நிலையம் இருக்கிறது லாஸ்பேட்டையில! முத்தியால்பேட்டை, உப்பளம், பீச் ரோடு எல்லாம் உள்ளே. 250 கிராமுக்கு மேல போனா மூன்றாம் நபர் காப்பீடும் வேணும். இதையெல்லாம் ஒண்டியா சமாளிச்சுட்டு "நமக்கெதுக்குய்யா சங்கம், வாட்ஸ்அப் குரூப் போதாதா"ன்னு பெருமை வேற. கார் கண்ணாடி உடைஞ்சா குரூப் அட்மினா வந்து காசு தருவார்?

பிரெஞ்சுக்காரன் நமக்குத் தெருப்பெயரை விட்டுட்டுப் போனான். அவன் ஊர் சம்மேளனம் எஃப்.எஃப்.ஏ.எம். தர்ற லைசென்ஸ்லயே பொறுப்புக் காப்பீடு சேர்ந்தே வருது. அதை விட்டுட்டுப் போயிருக்கலாம் :-)

டெல்லியில ஏரோ கிளப் ஆஃப் இந்தியா 1927-லிருந்து இருக்கு. எஃப்.ஏ.ஐ.யில் இந்தியாவின் உறுப்பினர் அதுதான். பதக்கப் போட்டி எல்லாம் சரிங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கிலோ தெர்மாகோல் விமானத்தோட நிக்கிற பாகூர்ப் பையனுக்குக் காப்பீடும், 8 கி.மீ.க்கு அந்தப் பக்கம் ஒரு தரிசு நிலத்துக்கு கொம்யூன் பஞ்சாயத்துகிட்ட கேக்க ஒரு கடிதமும் வேணும். அதைத் தர்ற சங்கம் டெல்லியில இருந்தாலும் சரி, நாமளே பதினஞ்சு பேர் சேர்ந்து பதிவு பண்ணினாலும் சரி, முதல் சந்தா என்னோடது. ஸ்டிக்கர் வேண்டாம்.