ஓசூர் சாலையும் இறையியல் வகுப்பறையும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், பழங்குடியினர் பெருமை நாளன்று, மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒரு செய்தி சொன்னார். ஓசூரில் ஐபோனுக்கான பெரிய ஆலை அமைகிறது. 60,000 பேர் வேலை செய்யவிருக்கும் அந்த ஆலையின் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிச் சகோதரிகள் என்றார். நாடு அதைத் தொழில் வளர்ச்சிச் செய்தியாகப் படித்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் கத்தோலிக்கர்களாகிய நாம் அதைப் பங்குச் செய்தியாகவும் படித்திருக்க வேண்டும். ராஞ்சி வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கத்தோலிக்க நம்பிக்கை வேரூன்றிய மண். அங்கிருந்து வந்து இறங்கிய பெண்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் தேடிப் போனார்கள் என்ற கேள்வி அன்றே நம் பங்குப் பேரவைகளில் எழுந்திருக்க வேண்டும்.

தருமபுரி மறைமாவட்டம் 1997 ஜனவரி 24 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவானபோது, கிருஷ்ணகிரிப் பக்கத்து இறைமக்கள் என்றதும் எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற பழைய ஊர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வந்தன. அதற்கு முன்பே ஓசூர் மாறத் தொடங்கியிருந்தது. சிப்காட்டும் அசோக் லேலண்டும் டைட்டனும் டி.வி.எஸ்.ஸும் அழைத்து வந்தவர்கள் குடும்பமாக வந்தார்கள். வாடகைக்கு இருந்தார்கள், பிறகு மனை வாங்கினார்கள், அன்பியத்தில் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று நம் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். இப்போது வருகிறவர்களின் கதை வேறு. அவர்கள் விடுதிக்கு வருகிறார்கள். ஷிப்டு மாறுகிறது, அறை மாறுகிறது, ஒப்பந்தம் முடிந்ததும் ஊரே மாறிவிடுகிறது. பங்குப் பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே பலர் போய்விடுகிறார்கள்.

இவர்களுக்கு யார் தலைவர்? பங்குத்தந்தை ஒருவரே தமிழ், ஆங்கிலத் திருப்பலிகளும் மறைக்கல்வியும் பள்ளி நிர்வாகமும் கிளைக்கிராமங்களும் பார்க்கிறார். தலைமை என்றதும் பொதுநிலையினர் நம் நினைவுக்கு வருவது திருவிழாக் கமிட்டிதான். தேர் அலங்காரம், மின்விளக்கு, அன்பின் விருந்து என்று வரும்போது நம்மவர்களின் திறமைக்குக் குறைவே இல்லை. ஆலையில் ஒரு லைன் முழுவதையும் ஓட்டுகிறவர்கள், இதுவா கடினம்! ஆனால் அதே மனிதரிடம் கூலியைப் பற்றித் திருஅவை என்ன போதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பொறியியல் பட்டமும் எம்.பி.ஏ.வும் செவிலியர் படிப்பும் முடித்தவர்கள் நிறைந்த பங்குகள் இவை. விசுவாசக் கல்வி மட்டும் உறுதிபூசுதல் வகுப்போடு நின்றுவிட்டது. 14 வயதில் படித்ததைக் கொண்டே 45 வயது வரை சமாளிக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் மறுபடி வாசிப்பது நல்லது. எருசலேம் சபையின் முதல் பெரிய மனத்தாங்கல் மொழி சார்ந்தது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. சபையார் தேர்ந்தெடுத்த எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை இருந்ததோ அவர்களின் மொழி அறிந்தவர்களிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஓசூருக்கு, இப்போது இந்தியும் முண்டாரியும் குடுக்கும் வந்திருக்கும் ஓசூருக்கு, இது எங்கோ நடந்த பழைய கதை அல்ல.

அந்தப் பெண்களின் சொந்த மண்ணிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி 1885-இல் சோட்டா நாக்பூர் சென்றார். தோர்பா என்னும் சிற்றூரில் தங்கிய அவர், மக்களை வாட்டியது எது என்று முதலில் கேட்டறிந்தார். நிலம், குத்தகை, ஜமீன்தார்கள் வாங்கிய கூலியில்லா உழைப்பு ஆகியவைதான் மக்களின் துயரம். எனவே அவர் மக்களின் மொழியையும் நிலச் சட்டத்தையும் சேர்த்துக் கற்றார். நீதிமன்றம் போகும் குடியானவருக்குத் துணை நின்றார். ஊர் ஊராக நம்பிக்கையைக் கொண்டு சென்றவர்களோ உள்ளூர் வேதியர்கள். உடல்நலம் கெட்டுத் தாய்நாடு திரும்பிய லீவன்ஸ் 1893-இல் இறந்தார். பின்னால் வந்த ஜான் ஹாஃப்மன் என்ற இயேசு சபைத் துறவி 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவானதில் பங்காற்றினார். அடுத்த ஆண்டே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் தொடங்கினார். மக்களின் கழுத்தை இறுக்கிய சட்டத்தை அவர்கள் பாடமாகப் படித்தார்கள். கிறிஸ்தவத் தலைமைக்கான உயர்கல்வி என்று எதையாவது சொல்வதானால் நாம் இதைத்தான் சொல்வோம்.

அந்தப் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்திருக்கும் சட்டம் இப்போது வேறு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் என்கின்றன. பெண்கள் சம்மதித்தால் இரவு ஷிப்டு, அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு என்கின்றன. அதே ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 1891-இல் தொழிலாளர் பற்றிச் சுற்றுமடல் எழுதிய 13-ஆம் லியோவை நினைத்தே லியோ என்ற பெயரைத் தேர்ந்ததாகச் சொன்னார். சட்டத் தொகுப்பையும் சுற்றுமடலையும் ஒருசேரப் படித்து, ஒரு விடுதி வாசலில் நின்று இந்தியில் நாலு வார்த்தை பேசக்கூடிய ஒருவர் நம் பங்கில் இருக்கிறாரா?

படிக்க இடம் இல்லையா என்றால், இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் என்றே சொல்லலாம். கற்றோர் நிறைந்த தர்மாராம் வித்யா க்ஷேத்திரம் பெங்களூருவின் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நம் பிள்ளைகள் தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் அதே சாலைதான். மல்லேசுவரத்தில் புனித பேதுரு பாப்பிறை நிறுவனம் இருக்கிறது. 1967-இல் அதே நகரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கி வழிநடத்தியவர் நம் தமிழகத்துக் குருவான அமலோர்பவதாஸ் அடிகள். 1990-இல் சாலை விபத்தில் இறக்கும் முன், மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறைக்கும் அவர் அடித்தளமிட்டார். அரசுப் பல்கலைக்கழகத்தில், எந்த மதத்தவரும் சேரக்கூடிய வகுப்பில், கிறிஸ்தவத்தை முதுகலைப் பாடமாக்க முடியும் என்று அவர் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய துறை உண்டு.

ஆனாலும் ஓசூர்ப் பங்குகளிலிருந்து இந்த வகுப்புகளுக்குப் போன பொதுநிலையினரை எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்பதே நம் அனுபவம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாடமொழி ஆங்கிலம். வகுப்புகள் பெரும்பாலும் பகலில். வகுப்பில் பெரும்பாலோர் குருமாணவர்களும் துறவியரும். அவர்களின் செலவைச் சபையோ மறைமாவட்டமோ ஏற்கிறது, குடும்பஸ்தரின் செலவை ஏற்பார் யாருமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்து முடித்த பிறகு என்ன வேலை? இறையியலில் முதுகலை முடித்த ஒரு பெண்ணை மீண்டும் ஞாயிறு மறைக்கல்விக்கும் பீட அலங்காரத்துக்கும் மட்டும் அனுப்பினால், அவளைப் பார்த்து அடுத்தவள் படிக்கப் போக மாட்டாள்.

இவை எல்லாம் சலுகையாகக் கேட்க வேண்டியவை என்று பலர் நினைக்கிறோம். 1983-இல் வெளியான திருஅவைச் சட்டத் தொகுப்பு அப்படிச் சொல்லவில்லை. திருஅவைப் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் பயின்று பட்டம் பெறுவது பொதுநிலையினரின் உரிமை என்கிறது 229-ஆம் எண். தகுதியுள்ளோர் திருஇயல்களைக் கற்பிக்கும் பொறுப்பும் பெறலாம் என்கிறது. சிறப்புப் பணியில் நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தங்கள் நிலைக்கேற்ற தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது 231-ஆம் எண். படிப்பும் சம்பளமும் அடுத்தடுத்து வருவது தற்செயலா என்ன! 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியை நிறுவப்பட்ட திருப்பணியாக உயர்த்தினார். 2024 அக்டோபரில் முடிந்த உலக ஆயர் மாமன்றம், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் ஆகியோருக்குச் சேர்ந்தே பயிற்சி வேண்டும் என்றது.

தமிழில் இறையியல் உயர்கல்வி நடக்காது என்பவர்கள் மதுரை அரசரடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நம் பிற சபைச் சகோதரர்கள் தமிழிலேயே கற்றும் எழுதியும் வந்திருக்கிறார்கள். நம்மிடமும் திண்டிவனத்தில் தமிழக விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. பெங்களூருப் பேராசிரியர்களில் தமிழ் தெரிந்த இருவர் ஞாயிறு மாலைகளில் ஓசூருக்கு வந்தால், ஷிப்டு முடித்தவர்கள் உட்கார ஒரு பங்கு மண்டபம் போதும்.

அதற்கும் பணம் வேண்டுமே என்பீர்கள். நம் பங்குகளில் திருவிழாவுக்கு முன்பு வரவு-செலவுத் திட்டம் வாசிக்கப்படுகிறது. ஒலிபெருக்கிக்கு ஒரு தொகை, வாணவேடிக்கைக்கு ஒரு தொகை. இந்த முறை அந்தப் பட்டியலில் இரண்டு பேரின் படிப்புக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். இருவரில் ஒருவர் பெண்ணாகவும், முடிந்தால் விடுதியில் தங்கி வேலை செய்கிறவராகவும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் அவருக்கு என்ன பொறுப்பு, மாதம் எவ்வளவு என்பதையும் அதே கூட்டத்தில், அவர் முன்னிலையில் எழுதிவிட வேண்டும்.