காத்தாடியைப் போட்டுவிட்டுக் காமிராவை வாங்குங்கள்

தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் மேடை தெரிகிறதோ இல்லையோ, முன்வரிசையில் தூக்கிப் பிடித்த கைத்தொலைபேசிகள் நன்றாகத் தெரிகின்றன. பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதுவும் தெரியாது, உங்கள் முதுகுதான். பெற்றோரே, இத்தனை பேரை மறைத்து எடுத்த படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தீர்களா? கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளை, அது நம் பிள்ளைதானா என்று ஒரு விவாதம், மண்டபக் காத்தாடியின் இரைச்சல், நடுவே வழிமறித்து நிறுத்திய காரின் எண்ணை ஒலிபெருக்கியில் வாசிக்கும் குரல்.

இதற்கு மாற்று வேண்டும் என்று உங்களில் சிலர் இப்போது தனியாக ஒரு சின்ன வீடியோ காமிரா வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான். வாங்கும் விதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. இணையச் சந்தையில் முந்நூறு வெள்ளிக்குள் ஒரு பெட்டி. அதன் மேல் '4கே', '48 மெகாபிக்சல்', '16 மடங்கு ஜூம்'. கூடவே மைக், விளக்கு, ரிமோட் எல்லாம் இலவசம். தீபாவளிச் சந்தையில் ஒரு சேலையைப் பத்து முறை புரட்டிப் பார்க்கும் நீங்கள், இதை மட்டும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறீர்கள்.

அந்த எண்களில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இந்த விலைக்கு வரும் காமிராவில் 48 மெகாபிக்சலைச் சென்சார் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சிறிய சென்சார் கொஞ்சம் புள்ளிகளைப் பார்க்கிறது. அவற்றுக்கு நடுவே உள்ளதை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. '4கே'யும் பல சமயம் அப்படித்தான். 16 மடங்கு ஜூமில் லென்ஸ் ஒரு மயிரிழை கூட நகராது; படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெருக்குவதுதான் நடக்கிறது. அதை உங்கள் கைத்தொலைபேசியிலேயே இரண்டு விரலால் செய்யலாம். 'டிஜிட்டல்' ஜூமுக்குக் காசு கொடுக்காதீர்கள், 'ஆப்டிகல்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், 2015இல் சோனி வெளியிட்ட சிஎக்ஸ்405 ஹேண்டிகேமை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், எடை 200 கிராமைச் சுற்றித்தான், கணினியில் செருகும் கம்பி கைப்பட்டையிலேயே இருக்கும். மண்டபத்தின் கடைசி வரிசையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தே பிள்ளையின் முகத்தை எடுக்கலாம். ஆனால் அதன் சென்சாரும் மிகச் சிறியது; தைப்பூசத்துக்கு முந்தின இரவு வெள்ளி ரதம் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் வரும் நேரத்தில் அது எடுக்கும் படம் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும். இருட்டில் தெளிவு வேண்டுமென்றால் பெரிய சென்சார் வேண்டும். 2023இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 அப்படிப்பட்டது. ஓர் அங்குலச் சென்சார், கை ஆடினாலும் படம் ஆடாது, எடை 179 கிராம். ஆப்டிகல் ஜூம் கிடையாது, விலையும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். எல்லாம் ஒன்றிலேயே, அதுவும் முந்நூறு வெள்ளிக்கு, என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

புகைப்படக் காமிராவிலேயே வீடியோ வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் பழைய மாடல்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். முப்பது நிமிடம் எடுத்தால் ஐரோப்பியச் சுங்கத்துறை அதை வீடியோ காமிரா என்று கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டதால் வந்த வினை அது. பிரஸ்ஸல்ஸ் வரிக்காகப் பினாங்கில் பிள்ளையின் நாடகம் பாதியில் அறுந்துபோக வேண்டுமா?

படத்தைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் வீட்டு வீடியோவில் முதலில் கெடுவது ஒலி. மலிவுக் காமிராக்களில் ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அறை அமைதியானால் அது காதைத் தீட்டிக்கொள்ளும். உடனே காத்தாடி இரைச்சல் மேலே வந்து, மெதுவாகப் பேசும் தாத்தாவின் குரல் அடியில் போய்விடும். உறுமி மேளம் அதிர்ந்தாலோ எல்லாவற்றையும் அமுக்கிவிடும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது ஊமைப்படமாகும். ஆகவே கொம்தார் பக்கம் கடைக்குப் போனால் கடைக்காரர் காட்டும் நீலக்கடல் மாதிரிப் படத்தைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். காத்தாடியைப் போடச் சொல்லுங்கள். மூன்றடி தள்ளி நின்று உங்கள் அம்மா பேசுகிற அளவில் பேசுங்கள், பதிவு செய்யுங்கள், காதில் இயர்போனைச் செருகிக் கேளுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்துப் பாருங்கள். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், காமிரா 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைத்து வந்திருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெனுவில் அதை மாற்ற முடியவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மலிவாக, எளிதாக ஒரு காமிரா என்ற எண்ணத்துக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பியூர் டிஜிட்டல் என்ற நிறுவனம் 2007இல் 'ஃபிளிப்' என்ற கையடக்கக் காமிராவை விற்றது. ஆப்டிகல் ஜூம் இல்லை, மைக் செருக இடம் இல்லை. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். பக்கத்தில் தட்டினால் நீளும் யுஎஸ்பி முனை. அவ்வளவுதான். இலட்சக்கணக்கில் விற்றது. 2009இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தைச் சுமார் 590 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2011 ஏப்ரலில் ஃபிளிப்பை இழுத்து மூடியது. கைத்தொலைபேசி அதற்குள் எச்டி வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டது.

இதைக் காட்டி, 'அப்படியானால் தொலைபேசியே போதுமே' என்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொலைபேசி ஓர் ஆளின் சொத்து. அதில் உங்கள் வங்கிக் கணக்கு இருக்கிறது, அலுவலகச் செய்திகள் இருக்கின்றன, பூட்டு இருக்கிறது. பாட்டியால் திறக்க முடியாது, பிள்ளைக்கு நீங்கள் தருவதில்லை. ஃபிளிப் வீட்டுக்குப் பொதுவான பொருளாக இருந்தது; டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். நீங்கள் வாங்கப்போகும் காமிராவுக்கும் அதுவே முதல் தேர்வு. உங்கள் அம்மா கையில் கொடுங்கள். எப்படி என்று யாரிடமும் கேட்காமல் அவர் படம் பிடித்துவிட்டால், அதை வாங்குங்கள்.

வீட்டில் ஒருவரே எடுத்துக்கொண்டிருப்பதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. அவருக்குத் தோன்றுவதுதான் படமாகிறது: பிறந்தநாள் கேக், கல்யாணம், காவடி. தண்ணீர்மலையில் முடியிறக்கும்போது வீறிட்டு அழும் குழந்தையையும் எடுத்து முகநூலில் போட்டுச் சிரிக்கிறீர்கள். அந்தப் பிள்ளை பெரியவனானதும் உங்களிடம் பேசிக்கொள்ளட்டும், நான் நடுவில் வரவில்லை. என் கேள்வி வேறு. 2020ஆம் ஆண்டு முடியும்வரை பினாங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அந்த இரண்டடுக்குப் பெரிகள் ஓடின. நாம் எல்லாரும் போனோம், வந்தோம். அதில் உங்கள் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து நிமிடம் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? கேக் வெட்டியது மட்டும் எல்லா வருடமும் இருக்கிறது.

எடுத்ததைக் காப்பாற்றுவதிலும் இதே அலட்சியம். 1985இல் சோனி முதல் ஹேண்டிகேமைக் கொண்டுவந்த பிறகு நம் அப்பாமார்களில் வசதியுள்ளவர்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். அதில் எடுத்த நாடாக்கள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. பினாங்கின் ஈரக்காற்றில் அவற்றில் பூசணம் பூத்திருக்கும். கல்யாண விஎச்எஸ் நாடாவைப் போட்டுப் பார்க்கும் கருவியையும் இனிப் புதிதாக வாங்க முடியாது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபூனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இந்த வருடத்துக்குள் கணினிக்கு மாற்றுங்கள். புதுக் காமிராவையும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், லென்ஸிலும் பூசணம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் சேமித்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், வழக்கமாக அது சுருக்கித்தான் அனுப்புகிறது. 4கே மோகமும் வேண்டாம். ஐபோன் கணக்குப்படி ஃபுல் எச்டியில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி. விநாடிக்கு 60 பிரேம் 4கேயில் 400 எம்பி. இடம் நிறைந்தால் நீங்கள் அழிக்கத் தொடங்குவீர்கள், முதலில் அழிப்பது வீட்டுப் பேச்சைத்தான்.

வரும் சனிக்கிழமை வீட்டில் சமையல் நடக்கும்போது எட்டு வயதுப் பிள்ளையிடம் காமிராவைக் கொடுங்கள். படம் ஆடும், பாதித் தலை வெட்டுப்படும், பேசாமல் இருங்கள். எடுத்ததைக் கணினியில் ஒரு நகல், தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் என்று தேதியோடு போடுங்கள். தனிக் காமிரா இன்னும் வாங்கவில்லையா, இந்த ஒரு நாளைக்கு உங்கள் தொலைபேசிப் பூட்டைத் திறந்து கொடுங்கள். இவ்வளவும் செய்தபின் எந்த மாடல் நல்லது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.