ஃபயர்வால் பொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?

போன மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நண்பரோட பட்டறைக்குப் போயிருந்தேன். மெயில் வருது, கொட்டேஷன் அட்டாச்மென்ட் மட்டும் போக மாட்டேங்குது. கெடு சாயங்காலம் 5 மணி. பழி யார் மேல? பழைய பிசியில டெபியன் போட்டு செஞ்ச ஃபயர்வால் மேலதான். "லினக்ஸ்னாலே இப்படித்தான் சார், வேற வாங்கிடலாம்"னு ஆலோசனை வேற!

லைன் பிபிபிஓஇ. 1500 பைட்டுல 8 அதுக்கே போயிடும், மிச்சம் 1492. அதைவிடப் பெருசா வந்தா 'சின்னதா அனுப்பு'ன்னு ரவுட்டர் சொல்றது ஐசிஎம்பி வழியாத்தான். யாரோ புண்ணியவான் ஹேக்கருக்குப் பயந்து ஐசிஎம்பியை மொத்தமா அடைச்சு வச்சிருக்கார். வாயைப் பொத்திட்டு ஏன்டா சொல்லலைன்னா எப்படி?

பிங் வேணாம்னா எக்கோ ரிக்வெஸ்டை மட்டும் அடைங்க சாமி. அந்த ஒரு விதியைத் தூக்கினேன், எம்எஸ்எஸ்ஸை 1452ன்னு வச்சேன். 4.40க்கு கொட்டேஷன் போயிடுச்சு.

நண்பர் அதுக்குள்ள புது ரவுட்டருக்கு ஆர்டர் போட்டுட்டாராம் :-(