பெயர் ஒருவருடையது! பேனா யாருடையது?



கடை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்றன்று எழுதிய நாள்வழிக் கணக்கு ஒரு தொகையைச் சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து, உங்கள் கடைப்படியே ஏறாத ஒருவர் எழுதிய பேரேடு அதைப்போல் ஐந்து மடங்கு சொல்கிறது. எதை நம்புவீர்கள்? பத்து ரூபாய்க்கு இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், போர்க்களத்துச் செய்தி என்று வந்துவிட்டால் மட்டும் அச்சில் கண்டதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடுகிறோமே, ஏன்?

அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் ‘நான் கண்ட போர்’ என்று எழுதும் நூல்கள் லட்சக்கணக்கில் விற்கின்றன. படமாகின்றன. நாளை அவையே வரலாறு! ஆனால் அட்டையில் சிப்பாயின் பெயர் இருந்தாலும், பல நூல்களில் பேனா பிடித்தவர் வேறொருவர். சிப்பாய் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, இடைவெளிகளைத் தன் கற்பனையால் நிரப்பி, விறுவிறுப்பாக எழுதித் தருவது அவர் தொழில். பாதுகாப்புத் துறை சரிபார்க்குமே என்கிறீர்களா? அமெரிக்க ராணுவத் தலைமையகம் இத்தகைய நூல்களை அச்சுக்கு முன் பார்ப்பது உண்மைதான். ரகசியம் ஏதும் வெளியாகிவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறது. எழுதியது மெய்யா பொய்யா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை!

கூடிக்கொண்டே போன எண்ணிக்கை

ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். 2005 ஜூன் 28. ஆப்கானிஸ்தானின் குனார் மலையில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் நால்வர் தாக்கப்பட்டார்கள். மூவர் இறந்தனர். மீட்க வந்த ஹெலிகாப்டரும் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 16 பேரும் மாண்டனர். நால்வரில் உயிர் பிழைத்தவர் மார்கஸ் லட்ரெல். அவர் பெயரில் 2007இல் ‘லோன் சர்வைவர்’ வெளிவந்தது. எழுத்துக்குத் துணை நின்றவர் பாட்ரிக் ராபின்சன். பிரிட்டனைச் சேர்ந்த இவர், கடற்படையை வைத்துப் பரபரப்பு நாவல்கள் எழுதியவர்!

தாக்கியவர்கள் எத்தனை பேர்? சம்பவத்துக்குப் பின் லட்ரெல் மேலிடத்துக்குக் கொடுத்த அறிக்கையில் 20 முதல் 35 வரை. இறந்த தளபதி மர்ஃபிக்கு வழங்கிய உயரிய வீரப்பதக்கத்தின் சான்றுரையில் 30 முதல் 40 வரை. நூலிலோ 200 வரை எண்கள் ஏறுகின்றன! இதே நடவடிக்கையை ஆராய்ந்து நூல் எழுதிய எட் டராக், ராணுவ உளவுக் குறிப்புகளைக் காட்டி, 8 முதல் 10 பேர்தான் என்கிறார். மலை ஒன்று, நாள் ஒன்று, சண்டை ஒன்று. எண் மட்டும் எத்தனை!

அந்த மூவரும் கோழைகள் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேரை எதிர்த்து மடிந்தாலும் வீரம் வீரம்தான். அதற்கு நூறு பேரைக் கூட்டிச் சேர்ப்பது வீரனுக்கு மரியாதையா, வியாபாரத்துக்கு விளம்பரமா?

ஆடு மேய்த்தவர்கள் மீது பழி

எண்ணிக்கையை விடுங்கள். இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முன் ஆடு மேய்ப்பவர்கள் சிலர் அந்த நால்வரையும் பார்த்துவிட்டார்கள். நிராயுதபாணிகளான அவர்களைக் கொல்வதா, விடுவதா என்று வாக்கெடுத்தோம், விட்டோம், அதனால்தான் மாட்டிக்கொண்டோம் என்கிறது நூல். இரக்கம் காட்டியது தவறு என்பதுபோல் ஒரு பாடம்! என் மகன் அப்படி வாக்கெடுப்பு நடத்துகிறவன் இல்லை என்று மர்ஃபியின் தந்தையே மறுத்தார். இறந்த மகன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?

லட்ரெலுக்கு அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றியவர் முஹம்மது குலாப் என்ற பஷ்தூன் கிராமத்தவர். தஞ்சம் என்று வந்தவனை உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. 2016இல் அந்தக் குலாப் அமெரிக்கப் பத்திரிகையில் வாய் திறந்தார். ஹெலிகாப்டர் ஓசையை ஊரே கேட்டது, போராளிகள் காலடித் தடம் பார்த்துப் போனார்கள் என்றார். அவர் சொல்வது சரியானால், ஆடு மேய்த்தவர்கள் மீது சுமத்திய பழி என்னாகும்? நாளை இன்னொரு மலையில், இன்னொரு சிப்பாய், இந்த நூலின் பாடத்தை மனதில் வைத்து ஓர் ஏழை இடையனைச் சுட்டால் யார் பொறுப்பு?

ஊராரைக் கேட்டவர்

ஊராரிடம் போய்க் கேட்பது முடியாத காரியமும் அல்ல. 1991 ஜனவரியில் ஈராக்கில் இறங்கிய எட்டுப் பேர் கொண்ட பிரிட்டிஷ் குழுவைப் பற்றி, ஆண்டி மெக்நாப் என்ற புனைபெயரில் 1993இல் ‘பிராவோ டூ ஜீரோ’ வந்தது. 250 எதிரிகள் கொல்லப்பட்டோ காயமுற்றோ போனார்கள் என்றது அது. அரபு தெரிந்த முன்னாள் சிப்பாய் மைக்கேல் ஆஷர் அதே பாலைவனத்தில் நடந்து, அங்குள்ள மக்களை விசாரித்தார். பெரும்போர் என்று எழுதப்பட்ட மோதலில் எதிர்த்துச் சுட்டவர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்த மூவர் என்று கேட்டறிந்து, 2002இல் நூலாகவே போட்டார்!

சகோதரர்களே! இனி இப்படி ஒரு நூல் கைக்கு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எழுதியவர் அங்கே இருந்தாரா? அன்றைய அறிக்கை என்ன சொல்கிறது? கூட இருந்தவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா? எதிர்ப்பக்கத்து ஊராரை யாராவது கேட்டார்களா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த நான்கு கேள்விகளும் அவர்கள் கதைக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குப் பிடித்தவர்கள் நூறு பேரை வீழ்த்தினார்கள் என்று செய்தி வந்தால், விசாரிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? கலப்படம் செய்த எடைக்கல் அடுத்தவன் கடையில் இருந்தால் குற்றம், நம் கடையில் இருந்தால் சாமர்த்தியமா?

பொய்க்கணக்கைப் பொய்க்கணக்கால் தீர்க்க முடியாது. முதலில் நம் தராசைச் சரி பார்ப்போம்!