காத்திருக்கும் நிலத்துக்கும் கணக்கு வேண்டும்

சுரங்கம் தோண்டிய பிறகுதான் விவசாயிக்குத் தொல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நிலத்தடிக் கனிமத்தின் மேல் ஒருவருக்கு உரிமம் கொடுத்த அன்றே தொல்லை தொடங்கிவிடுகிறது. புதுக் கிணறு வெட்டலாமா, தென்னை வைக்கலாமா, பெண்ணின் கலியாணத்துக்கு அரை ஏக்கரை விற்கப் போனால் வாங்க ஆள் வருமா என்ற கவலைகள் எழுகின்றன.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதி விவசாயிகள் இந்தக் கவலையை அறிவார்கள். அங்கே சுமார் 2,015 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் விடப்பட்டு, 2024 நவம்பரில் ஒரு நிறுவனம் தேர்வாயிற்று. கிராம மக்கள் திரண்டு எதிர்த்தனர். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அங்கே ஏலம் விடப்பட்டது கூட்டு உரிமம். முதலில் ஆய்வு, கனிமம் உறுதியானால் அதே நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகை. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி ஆய்வு உரிமம் மூன்று ஆண்டு. நீட்டித்தாலும் மொத்தம் ஐந்துக்கு மேல் போகாது. குத்தகைப் பத்திரம் எழுதி இரண்டு ஆண்டுக்குள் கனிமத்தை எடுத்து அனுப்பத் தொடங்காவிட்டால் குத்தகை காலாவதியாகும். அதையும் ஒரே ஒரு முறை, ஓராண்டு வரை நீட்டிக்கலாம். கூட்டிப் பார்த்தால் எட்டு ஆண்டு. ஆய்வு முடிந்து பத்திரம் எழுதும் வரை ஆகும் காலம் இதில் சேரவில்லை.

கனிமத்தைத் துளையிட்டுச் சோதிக்கவும், அனுமதிகள் பெறவும் காலம் வேண்டும் என்பது நியாயமே. உரிமத்தை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது என்று கெடு வைத்திருப்பதும் நல்லதே. ஆனால் அந்தக் கெடு நிறுவனத்தின் காலத்தைத்தான் கணக்கிடுகிறது. பயிருக்கும் நிலத்துக்கும் வரும் சேதத்துக்கு, நிலத்தை அனுபவித்து வருபவருக்கு ஈடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காத்திருந்த ஆண்டுகளுக்கும் கணக்கு வேண்டும். எட்டு ஆண்டு என்பது தென்னங்கன்று காய்ப்புக்கு வரும் காலம்.

ஆகவே மூன்று திருத்தங்கள் தேவை. ஏலத்துக்கு முன்பே சர்வே எண்களைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும். உரிமம் உள்ள காலம் முழுவதற்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் உழவருக்குத் தொகை தர வேண்டும். உரிமம் முடிந்தால், நிலம் விடுபட்டது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அதுவரை விவசாயிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு போகமும் சாகுபடியைத் தவறாமல் அடங்கலில் பதிவு செய்யுங்கள். கிணறும் மரங்களும் அதில் ஏறியுள்ளனவா என்று பாருங்கள். வீட்டுக்குள்ளோ, வீட்டையொட்டிய தோட்டத்திலோ உங்கள் சம்மதமின்றி நுழைவதானால் ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஈடு கேட்கப் போகும் நாளில் வாய்ச்சொல் நிற்காது, காகிதம்தான் நிற்கும்.