ஈரம் ஓரிடம், வழி வேறிடம்

தாம்பரம் பக்கத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் வாசலில் அடிக்கடி கேட்கும் புகார்: "வண்டிக்குள்ள தண்ணி வருது."

போன மழைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். இடப்பக்க முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கினால், அடியில் கார்பெட் சொதசொதவென்று கிடந்தது. "கண்ணாடி ஓரத்துல பசை விட்டுப்போச்சுன்னு சிலிக்கான் வச்சாங்கண்ணே. 3,000 ரூபாய் கொடுத்தேன். அடுத்த மழையிலயே பழையபடி ஆயிடுச்சு" என்றார். பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தூங்குமூஞ்சி மரத்து இலைகள் மட்கிச் சேறாக அடைத்திருந்தன. வடிய வழியில்லாத மழைநீர் தேங்கி உயர்ந்து, ஏ.சி.க்குக் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இலையை அள்ள அரைமணி நேரம். கார்பெட்டின் அடிப்பஞ்சு காய மூன்று நாள். சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது.

கார் என்பது நீர் புகாத பெட்டி அல்ல; மொட்டைமாடி மாதிரி. விழுந்த தண்ணீரை ஓரமாக ஓட்டி, குழாய் வழியே இறக்கிவிடும். சன்ரூஃபைச் சுற்றியும் வாய்க்காலும் வடிகுழாய்களும் உண்டு. கதவுக்குள்ளும் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும். அது வண்டிக்குள் வராமல் காப்பது, கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். சிலர் கதவின் அடித்துளைகளையே சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஆகவே முதலில் எந்தத் தண்ணீர் என்று பார்க்கவேண்டும். மழையே இல்லாத நாளில் நனைந்தால் ஏ.சி.யைச் சந்தேகப்படுங்கள். ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய நீர் சொட்டவில்லையென்றால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், ஹீட்டரைப் பார்க்கவேண்டும்.

மழைநீர்தான் என்றால் கார்பெட்டைத் தூக்கி, தரையைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் குழாயால் தண்ணீர் விடவேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடமாக, சில நிமிடம் நின்று நிதானமாக மேலே போகவேண்டும். எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனையும். எந்த வழியாக வந்தது என்று தெரியாது. பின்சீட்டின் அடியில் தேங்கும் நீர் கூரையோரத்தில் நுழைந்து, தூணுக்குள் இறங்கி வந்திருக்கலாம்.

இந்தப் பொறுமை இல்லாமல் சிலிக்கான் பூசுவது நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதுதான். அதற்குக் கூலி வாங்குவது தவறு என்று என் தொழிலில் இருப்பவர்களிடமே சொல்கிறேன். தண்ணீர் நுழைந்த இடத்தை வாடிக்கையாளருக்குக் கண்ணெதிரே காட்டவேண்டும். சரிசெய்த பிறகு அவர் முன்னாலேயே தண்ணீர் விட்டு நிரூபிக்கவேண்டும். எந்த இடம் என்று பில்லில் எழுதவேண்டும். வழக்கமான சர்வீஸில் ஆயில் மாற்றுவதுபோல வடிகால் சுத்தம் செய்வதும் சேரவேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் புரட்டாசியிலேயே வைப்பர் மூடிக்குக் கீழே உள்ள இலையை அள்ளிவிடுங்கள். கால்மிதியைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால், பசை பூசச் சொல்வதற்கு முன் "தண்ணி எங்கேயிருந்து வருது, காட்டுங்க" என்று கேளுங்கள்.